காலர்காரியின் கழுத்துத் திருப்பம்

காலர் தைப்பவளின் கழுத்துத் திருப்பம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சட்டைத் தொழிற்சாலையின் தரையில் தொப்பென்று விழுந்தது. பெருக்குகிறவர் அதை நூல் பிசிறோடு கூட்டிக் கழிவுத்துணி மூட்டையில் போட்டார். அவருக்கு இது புதிதல்ல. ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக வேலை ஆய்வுக்கு வந்த அதிகாரி (தைக்கும் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் டிக்டிக்) ஒவ்வொருத்தி பின்னாலும் நின்று, சட்டைக்கு உதவாத அசைவைக் கண்டால் “வீண்” என்பார். சொன்ன மாத்திரத்தில் அது உடம்பிலிருந்து கழன்றுவிடும். அப்படி விழுந்த கொட்டாவிகளும் முதுகு நிமிர்த்தல்களும் மூட்டைக்குள் ஓயாமல் முண்டியதில் மூட்டை கிடந்த கிடங்கின் சுவரே தெருப்பக்கம் நகர்ந்துவிட்டது. செலவில்லாமல் இடம் கூடியதென்று முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

காலர்காரி இடப்பக்கம் திரும்பியது, அடுத்த மெஷினில் பட்டன் தைக்கும் நாத்தனாரிடம் பேசத்தான். ஆனால் தொழிற்சாலை நேரத்துக்கு மட்டுமென்று திருப்பத்தை வெட்டி எடுக்க டிக்டிக்குக்குத் தெரியவில்லை. வீட்டிலும் அது திரும்பவில்லை. மகள் இடப்பக்கம் வந்து கூப்பிட்டால் பீரோவை நகர்த்துவதுபோல முழு உடம்பையும் நகர்த்த வேண்டும். அதற்குள் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடும். “அம்மாவுக்கு என்னப் பாக்கவே புடிக்கல” என்று ஒருநாள் அப்பனிடம் அழுதது. அதைக் கேட்டவளுக்கு வந்த கோபத்தில் அடுப்பு மூட்டாமலே உலை கொதித்தது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டி கருகியது.

மறுநாள் நேரே டிக்டிக் முன்னால் போய் நின்றாள்.

“என் கழுத்தக் குடுய்யா.”

“அது வீண் அசைவும்மா. உற்பத்தி எப்படி ஏறியிருக்குன்னு இடது சுவர்ல போர்டு இருக்கு, அந்தப் பக்கம் பாரு.”

“எங்க அண்ணி எப்படிய்யா அந்தப் பக்கம் பாப்பாங்க?” என்றாள் நாத்தனார். மெஷின்களெல்லாம் சிரித்தன.

காலர்காரி சிரிக்கவில்லை. “உன் கட்டைவிரல் நாள் பூரா அமுக்கிக்கிட்டே இருக்கே, ஒரு காலராச்சும் தைச்சுதா? அதுதான்யா வீண்!”

விரலின் அமுக்கல் கழன்று தரையில் துள்ளியது. பெருக்குகிறவர் கடமை தவறாமல் கூட்டிக்கொண்டு போக, பெண்கள் பின்னாலேயே ஓடி மூட்டையைக் கிழித்தார்கள். காலர்காரி தன் கழுத்துத் திருப்பத்தைப் பல்லால் கவ்வி இழுத்து மீட்டாள். மாட்டிக்கொண்டதும் முதல் வேலையாக டிக்டிக்கிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் மகள் இடப்பக்கம் வந்து “அம்...” என்பதற்குள் திரும்பியிருந்தாள்.

தள்ளுமுள்ளில் சில அசைவுகள் ஆள் மாறிப்போயின. இன்றும் காலர்காரிக்கு வேர்த்தால் நாத்தனார் கைதான் எட்டி வந்து துடைத்துவிடுகிறது. டிக்டிக்கின் கடிகாரம் நிறுத்த விரலில் அமுக்கல் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எல்லோருக்கும் கழுத்து நன்றாகத் திரும்புகிறது. யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.