கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது

கேமராக்காரர் இரண்டு பெட்டிகளைப் பிரித்து வராந்தா மேஜையில் வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வெள்ளை அடித்தட்டு, அதன்மேல் கவிழ்த்த கிண்ணம் மாதிரி கறுப்புக் கண்ணாடி மூடி. “என்ன வித்தியாசம்?” என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் கடுமையாக இருந்திருக்க வேண்டும். அவர் கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார்.

என் குரலே அப்படித்தான். டிரைவிங் லைசென்ஸுக்குத் தேர்வு வைக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுகிறவன் கண்ணாடியைப் பார்க்கிறானா இல்லையா என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பதுதான் உத்தியோகம். ஊரில் பாதிப் பேரை ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் சிலர் சைக்கிளைக்கூட நேராக ஓட்டுவார்கள்.

“இது ஃபிக்ஸட் லென்ஸ் சார்” என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “ஒரே அகலம்தான். மாட்டினது மாட்டினதுதான், அப்புறம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வராந்தா, முற்றம், கேட் எல்லாம் மொத்தமாத் தெரியும். ஆனா கேட்ல நிக்கிறவர் மூஞ்சி பொடிசாத்தான் இருக்கும். இந்த இன்னொண்ணு வேரிஃபோக்கல். லென்ஸை விரிக்கலாம், குறுக்கலாம். குறுக்கினா கேட் கிட்டக்க வந்துரும், மூஞ்சி பளிச்சுனு இருக்கும். ஆனா ஓரத்துல இருக்கறதெல்லாம் படத்தை விட்டே போயிரும்.”

“ரெண்டும் சேந்து வராதா?”

“ஒரே நேரத்துல வராது சார். எதை விடறோம், எதை வச்சுக்கறோம்ங்கறதுதான் கணக்கு. நீங்க எதைப் பாக்கணும்? அதைச் சொல்லுங்க, நான் போட்டுத் தரேன்.”

நான் எதையும் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று நான்தான் வாயை விட்டேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் அடுத்த வாரமே கேமராவுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். நானும் வழக்கம்போல ஒரு பாட்டம் கத்திவிட்டு ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதன் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். மனைவி போனபிறகு என்னை யாரும் பார்ப்பதில்லை. சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தால் சொல்ல ஆளில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, இரண்டே கேள்வி. முகம் பார்த்துப் பேசும் ஃபோன் வாங்கி அனுப்புகிறேன் என்றான். “விரலால தடவற வேலையெல்லாம் எனக்கு ஆகாது” என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு இறங்கி வர நமக்குத் தெரியாதே. இப்போது கேமரா என்று ஒன்று தானாக வருகிறது. அவன் அங்கிருந்து பார்த்தால் நான் இங்கே தெரிவேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“அகலமா இருக்கறதையே போடுங்க. அந்த நாற்காலி வரைக்கும் தெரியணும்” என்றேன். வராந்தா ஓரத்தில் கிடந்தது என் பிரம்பு நாற்காலி.

“நாற்காலியை யார் சார் திருடப் போறாங்க?” என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து மகனுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவன் ஏதோ அவசரத்தில் இருந்தான்.

“வேரிஃபோக்கலே போட்டுருங்க. கேட்ல நிக்கிறவன் யாருன்னு தெரியலைன்னா கேமரா எதுக்கு? அப்பா, நீங்க கொஞ்சம் பிடிவாதம் பண்ணாம இருங்க.”

கேமராக்காரர் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வேரிஃபோக்கலை நன்றாக விரித்து வைத்தால் அது ஃபிக்ஸட் மாதிரியேதான் காட்டுமாம். கார் ஷெட் சுவரில் அதைப் பொருத்திவிட்டு, தன் ஃபோனில் படத்தைக் காட்டினார். முற்றம், கேட், தெருவில் ஒரு துண்டு. இடது ஓரத்தில் வராந்தா. அதில் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு ஆள் குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நான்தான் என்று புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் மனசுக்கு இதமாக இருந்தது.

“வேணும்கிறப்போ ஃபோன்லேருந்தே விரிச்சுக்கலாம், குறுக்கிக்கலாம் சார். கறுப்பு மூடி இருக்கறதால லென்ஸ் எங்க பாக்குதுன்னு வெளிய நிக்கிற யாருக்கும் தெரியாது. திருடன் குழம்பிப் போயிருவான்.”

யாருடைய ஃபோனிலிருந்து என்று நான் கேட்கவில்லை. வண்டியை எடுக்கும் முன் மூன்று கண்ணாடியையும் பார்க்காதவனை இறக்கிவிட்டு அனுப்பியவன் நான், அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து என் நடப்பே மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் முகச்சவரம். இஸ்திரி போட்ட சட்டை. முன்பெல்லாம் அடுப்படியில் நின்றபடியே வயிற்றுக்குள் தள்ளியவன், இப்போது தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மாத்திரையை வாயில் போட்டு, தம்ளரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துத் தண்ணீர் குடித்தேன். பேப்பர் படிக்கும்போது முகம் மறையாமல் தாழ்த்திப் பிடித்தேன். கேமராவை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. பார்த்தால் அவனுக்கு நான் ஏங்குவதாகத் தோன்றும். ஏங்குகிறேன்தான், அதற்காகக் காட்டிக்கொள்ள முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, “சாப்பிட்டீங்களா?” என்பான். எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி கேட்கிறான், திருட்டுப்பயல் என்று நினைத்துக்கொள்வேன். “ஆச்சு” என்பேன். “மாத்திரை?” “ஆச்சு.” அந்த இரண்டு கேள்வியும் அப்போதெல்லாம் எனக்கு முன்போல வறட்சியாகத் தெரியவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பேச விஷயமில்லாமல் பேசுவதாகவே இருந்தது. ஒரு நாள் பழைய நீலச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவனே வாங்கிக்கொடுத்தது. அந்த வாரம் அவன் அதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆண்பிள்ளை, சட்டையையெல்லாம் எங்கே கவனிக்கப் போகிறான்.

மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில் வராந்தாப் படியில் கால் வழுக்கியது. பின்பக்கமாக விழுந்து, முழங்கை படியின் விளிம்பில் மோதியது. எழுந்திருக்க முடியவில்லை. வலியைவிட எனக்கு வெட்கம்தான் அதிகம். பையன் பார்த்துக்கொண்டிருக்கும்போதா இப்படி விழுந்து கிடப்பது? பிறகு வெட்கம் போய், ஃபோன் அடிக்கும் என்று காத்திருந்தேன். சட்டைப் பையில்தான் இருந்தது. அது அடிக்கவில்லை. கீழேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் வந்து படி காய்ந்தது. அவனுக்கு இப்போது அங்கே இரவாக இருக்கும், தூங்குவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தூணைப் பிடித்து எழுந்து உள்ளே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டபோது முழங்கை இன்னும் வீங்கியிருந்தது. “எப்படி இருக்கீங்க?” என்றான். நான் சொல்லவில்லை. அவனாகக் கேட்கட்டும் என்றிருந்தேன். சாப்பாட்டைக் கேட்டான், மாத்திரையைக் கேட்டான், பேத்திக்குப் பல் விழுந்ததைச் சொன்னான். பிறகு, “கேமரா கொஞ்ச நாளா மங்கலாத் தெரியுதுப்பா, ஆளை வரச் சொல்லியிருக்கேன்” என்றான். மங்கல்! எனக்கு உயிர் வந்தது. அதனால்தான் நான் விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை.

கேமராக்காரர் ஏணியோடு வந்தார். கறுப்பு மூடியைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டியிருந்தது. “இருட்டுல கேமராவோட லைட்டுக்குப் பூச்சி வருது, பூச்சியைப் பிடிக்கச் சிலந்தி வருது. எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான் சார்” என்று துடைத்தார். இறங்கி வந்து ஃபோனில் பார்த்து, “பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு” என்று நீட்டினார்.

படத்தில் கேட் இருந்தது. கேட் மட்டும்தான் இருந்தது. கம்பிகள், தாழ்ப்பாள், அதற்கு வெளியே ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத் தெரு. துருப்பிடித்த ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. முற்றம் இல்லை. வராந்தா இல்லை.

“நாற்காலி எங்க?” என்றேன்.

“அதுவா? உங்க பையன் குறுக்கி வச்சிருக்கார் சார். நான் மாட்டிட்டுப் போன அன்னிக்கே மாத்திட்டார். கேட்டுக்கு வெளிய யாராவது கொஞ்ச நேரம் நின்னா ஃபோட்டோவோட அவருக்குத் தகவல் போற மாதிரியும் வச்சிருக்கார். வெவரமான ஆள்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சவரம் செய்த முகமும் இஸ்திரிச் சட்டையுமாக, தம்ளரைத் தூக்கித் தூக்கிக் காட்டிய அத்தனை காலையும் கண்முன்னால் வந்தது. ஒரு சுவருக்கு முன்னால் உட்கார்ந்து நாடகம் போட்டிருக்கிறேன். காது மடல் சுட்டது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் ஏணியை மடக்குவதை நிறுத்தினார்.

“விரிச்சு விட்டுடவா சார்? ஒரு நிமிஷ வேலைதான். நீங்களும் தெரிவீங்க.”

சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். “வேண்டாம். பாக்கணும்னு தோணினா அவனே விரிச்சுக்கட்டும்” என்றேன். அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மகனைக் குறை சொல்ல முடியாது. என்னைப் பாதுகாக்கத்தான் கேட்டைப் பார்க்கிறான். திருடன் வந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். இந்த நியாயமெல்லாம் எனக்குப் புரிந்தது, புரிந்தும் ஆறவில்லை. சவரத்தை விட்டேன். யாருக்காக? தட்டு மறுபடி அடுப்படிக்குப் போனது, அதுவும் பசித்தால்தான். தாடி வெள்ளையாக, ஒழுங்கில்லாமல் வளர்ந்தது. கடைக்குப் போவதும் வருவதும் எப்போதும் பின்வாசல் சந்து வழியாகத்தான் என்பதால் முன்பக்கம் போகவே வேலையில்லாமல் போயிற்று. பால்காரர் மட்டும் ஒரு நாள், “உடம்பு சரியில்லையா பெரியவரே?” என்று கேட்டார். முன்பெல்லாம் சார் என்பார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிடவில்லை. வழக்கமான நேரம் தாண்டியது. ஃபோனை எடுத்து சத்தம் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. நானே கூப்பிடலாம். விரல் பட்டன் வரைக்கும் போயிற்று. கூப்பிட்டு என்ன சொல்வது? என்னைப் பார், என்றா? வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. குளிருக்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். காலாற நடக்கலாம் என்றுதான் இறங்கினேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. கேட்டைத் திறந்து வெளியே போய், சாத்திவிட்டு, திரும்பி நின்றேன்.

கார் ஷெட் சுவரில் அது இருந்தது. முதல் தடவையாக அதை நேருக்கு நேர் பார்த்தேன். சாயங்கால வெயில் என் முகத்தில் விழுந்தது. இந்த இடத்தில் நின்றால் தெரிவேன், எனக்குத் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருக்கிற எல்லா ரோஷத்தையும் விட்டுவிட்டு, பாருடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

பையில் ஃபோன் அடித்தது.

எடுத்தேன். மகன்தான்.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“வீட்லதான்” என்றேன்.

“வெளிய வராதீங்க. கேட்ல யாரோ நிக்கிறார். இப்பதான் ஃபோட்டோ வந்துச்சு. யாரோ வயசானவர், தாடியும் முண்டாசுமா. கேமராவையே முறைச்சுப் பாக்கறார். உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

கையால் தாடியைத் தடவிப் பார்த்தேன்.

“அப்பா? கேக்குதா?”

“கேக்குது. மூஞ்சி சரியாத் தெரியுதா உனக்கு?”

“நல்லாத் தெரியுது. அதுக்குத்தானே இந்தக் கேமரா போட்டது. யாருன்னுதான் எனக்குத் தெரியல. பாவம், சாப்பாட்டுக்கு இல்லாதவர் போல இருக்கு. இருந்தாலும் கதவைத் தொறந்துராதீங்க, சரியா?”

“தொறக்கல.”

“நான் குழந்தையோட வெளிய இருக்கேன், லைவ் பாக்க முடியல. ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. அவர் போற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன். பயப்படாதீங்க.”

அவன் காத்திருந்தான். அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவதும், பேத்தி எதையோ கேட்டு நச்சரிப்பதும், “இரு, தாத்தாகிட்ட பேசிட்டிருக்கேன்” என்று அவன் சொல்வதும் கேட்டது. மனைவி போனபிறகு இவ்வளவு நேரம் அவன் என்னோடு லைனில் இருந்ததில்லை. ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“என்னப்பா, போயிட்டாரா?”

“இல்லப்பா” என்றேன். “இன்னும் அங்கதான் நிக்கிறார்.”