பத்து ரூபாய்ப் பொருத்தம்

போன பஞ்சாயத்துத் தேர்தலில் அந்த ஊரில் ஒரு ஓட்டின் விலை ஐந்நூறு ரூபாய். இந்த முறை அதை யாருக்குப் போடுவது என்கிற யோசனையே பத்து ரூபாய்க்குக் கிடைத்தது, பிரிண்ட் அவுட்டோடு.

விற்றவள் கோகிலவாணி. மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில் ஆன்லைன் சென்டர் வைத்திருந்தாள். சரக்கு அறிவழகனுடையது. அதியமான்கோட்டைக்காரன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஜில்லாவுக்கு நல்லது செய்கிறேன் என்று ஒரு வெப்சைட் போட்டிருந்தான். பத்துக் கேள்விக்கு ஆம், இல்லை, கருத்தில்லை என்று தட்டினால், வேட்பாளர்கள் அனுப்பிய பதில்களோடு ஒப்பிட்டு, இந்த ஊரில் தலைவர் பதவிக்கு நிற்கும் காவேரி, கிருஷ்ணப்பன் இருவரில் யாரோடு உங்களுக்கு எத்தனை சதவீதம் பொருத்தம் என்று சொல்லிவிடும். தட்டத் தெரியாதவர்களிடம் கோகிலவாணி கேட்டுத் தட்டினாள். "கோகிலா பாத்துச் சொல்லிச்சு" என்று ஊரில் பேச்சானது. அவளுக்கும் அது இனிக்கத்தான் செய்தது.

ஓட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது சென்றாயன் தாளோடு வந்து நின்றார்.

"ஏம்மா, என் வண்டிப்பாதைய அடைச்சு வேலி போட்டவன் கிருஷ்ணப்பன். அவனும் நானும் நூத்துக்குத் தொண்ணூறு பொருத்தமா? விட்டா தேதி குறிச்சிருவ போலிருக்கு."

அவள் கம்ப்யூட்டரில் அவர் பதில்களைத் திறந்தாள். பத்தில் ஒன்பது 'கருத்தில்லை'. தாள் வாங்கிய அன்று அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றது கிருஷ்ணப்பனின் மச்சான். அந்த ஊரில் நாலு பேர் முன்னால் யாரும் ஆம் என்றோ இல்லை என்றோ அறுத்துச் சொல்வதில்லை. "பாக்கலாங்க" என்பார்கள். அவர் ஒன்பது தடவை பார்க்கலாம் என்றார். அவள் ஒன்பது தடவை கருத்தில்லையைத் தட்டினாள். அடுத்து கிருஷ்ணப்பனின் பதில்களைத் திறந்தாள். ஒன்றுகூட இல்லை. எல்லாம் காலி. வாய் திறக்காதவரையும் பதில் அனுப்பாதவரையும் ஒரே கருத்துக்காரர்கள் என்று அந்த வெப்சைட் சேர்த்து வைத்திருந்தது.

அறிவழகனுக்குப் போன் போட்டாள். சாயந்திரத்துக்குள் சரிபண்ணிவிடுவதாகச் சொன்னான். ஏற்கெனவே தாள் வாங்கியவர்கள் கதி என்ன என்று கேட்டாள்.

"வெளிய சொன்னா நம்பிக்கை போயிருங்க்கா. கீழயே போட்டிருக்கேனே, இது ஆலோசனை மட்டும், நாங்க பொறுப்பில்லைன்னு."

"அது படிக்கறவங்களுக்குப்பா. எங்கிட்ட வந்தவங்க என் மொகத்தப் பாத்துதான் வாங்குனாங்க."

கம்ப்யூட்டரில் தேடினாள். கருத்தில்லையால் மட்டுமே கிருஷ்ணப்பன் மேலே வந்த தாள்கள் அறுபத்து நாலு. மூன்று நாள் மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள். இன்னாருக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை. அந்தத் தாள் தப்பு, கிழித்துப் போடுங்கள் என்று மட்டும் சொன்னாள், பத்து ரூபாயையும் திருப்பிக் கொடுத்தாள். சிலர் சிரித்தார்கள். சிலர் ரூபாயை வாங்கிக்கொண்டு, இதற்குக் காவேரி எவ்வளவு கொடுத்தாள் என்று விசாரித்தார்கள். மூன்றாம் நாள் அதை ஊரே விசாரித்தது, மச்சான் புண்ணியம். கடைக்கு ஆதார் திருத்த வருகிறவர்கள்கூட வேறு கடை தேடி அரூர் போக ஆரம்பித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

தாள் வாங்கியபின் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் மட்டும் சிக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஓட்டன்று காலை ரயிலில் வந்து, நேரே பூத்துக்குப் போய், மத்தியான ரயிலில் திரும்பிவிட்டார்கள்.

எண்ணிக்கை முடிந்த அன்று கோகிலவாணி கணக்குப் பார்த்தாள். தப்பான தாள் அறுபத்து நாலு. நேரில் சொன்னது நாற்பத்தேழு. சொல்லாமல் விட்டது பதினேழு. கிருஷ்ணப்பன் ஜெயித்தது பதினோரு ஓட்டில்.