கீழ் இடது மூலை

இறப்பதற்கு முன்னால் அவர் கடைசியாகச் செய்த சாதாரண வேலை, வீட்டுக் குளியலறைக் கண்ணாடியைத் துடைத்தது. முகம் மழித்து முடித்ததும் வாயை அகலத் திறந்து ‘ஹா’ என்று கண்ணாடிமேல் மூச்சு விட்டார். பழைய பனியன் துணியால் வலமிருந்து இடமாக மூன்று வீச்சு வீசினார். கீழ் இடது மூலை மட்டும் வழக்கம்போல அழுக்காகவே நின்றது. வலது தோளில் நெடுநாள் வலி, கை அந்த இடம்வரை இறங்காது. “இருபத்தாறு வருஷமா அந்த மூலை உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?” என்று கேட்டபடி மனைவி தன் கைக்குட்டையால் மிச்சத்தைத் துடைத்தாள். “பிழை பாக்குறவளுக்கு ஒரு பிழையாவது மிச்சம் வைக்க வேணாமா?” என்றார் அவர். பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, மூன்றாம் அறையில் புதிதாகப் படங்கள் மாட்டியிருக்கிறார்கள், மதியம் வருகிறாயா என்று கேட்டார். “இன்னிக்கு அச்சுக்குப் போற நாளுங்க. நாளைக்கு வரேன்” என்றாள் அவள்.

அன்று பிற்பகல் மூன்று பத்துக்கு, பல்கலைக்கழக வளாகத்திலிருந்த சிறிய நவீனக் கலைக்கூடத்தின் மூன்றாம் அறையில், காவலர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். மூன்று ஐம்பது வரை பதினான்கு பேர் அவரை ஒரு கலைப்பொருளாக எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அந்தக் கண்காட்சிக்காக ஒரு மெழுகு உருவம் வரவேண்டியிருந்தது. வண்டி வழியில் தாமதமாகிவிட்டது, ஆனால் அதற்கான அட்டையை முந்தைய வாரமே சுவரில் ஒட்டிவிட்டார்கள். ‘அமர்ந்திருப்பவர். மெழுகு, துணி, மர நாற்காலி.’ குளிர்சாதனக் காற்று தோளில் நேராக அடிக்கிறது என்பதால் அவர் அன்று தன் நாற்காலியை நகர்த்தி அந்த அட்டைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். இரண்டு கைகளும் முழங்கால்மேல் இருந்தன, கண்கள் பாதி திறந்திருந்தன. சிலர் சுற்றி வந்து பார்த்தார்கள், இருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் கழிவறைக் குழாயைப் பழுது பார்க்க வந்தவர்தான், அட்டை படிக்கும் பழக்கம் இல்லாத மனிதர், “என்ன சார், தூங்கிட்டீங்களா?” என்று தோளைத் தொட்டார்.

அவர் மனைவி அதே வளாகத்தில் பல்கலைக்கழக அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். அச்சகத்திலிருந்து கலைக்கூடத்துக்கு நானூறு அடி நடை. அவர் அங்கே காவலராகச் சேர்ந்து பதினொரு வருடங்கள் ஆகியும் அவள் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. கோடும் புள்ளியும் பார்க்க ஒரு ஆளா என்று கேலி செய்வாள், சாப்பாட்டுப் பாத்திரத்தை வாசலில் கொடுத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடுவாள். கலைக்கூடத்தின் அட்டைகள் எல்லாம் அவள் மேசை வழியாகத்தான் அச்சுக்குப் போயின. ‘அமர்ந்திருப்பவர்’ அட்டையையும் அவள்தான் படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்திட்டு அனுப்பியிருந்தாள். மெழுகு உருவம் நான்கு நாள் கழித்துப் பெட்டியில் வந்து சேர்ந்தது. இயக்குநர் அம்மையார் அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்.

அவருடைய பொருட்களை வாங்கிப்போகத்தான் அவள் முதல்முறையாக அந்தக் கட்டடத்துக்குள் போனாள். ஒரு காலத்தில் பூச்சியியல் துறை இருந்த கட்டடம் அது, மழைநாளில் இன்னும் மருந்து வாசனை வரும். முதல் அறையில் மாணவர் விடுதியிலிருந்து கழற்றிய கதவுக் கைப்பிடிகள் நூறு தொங்கின. இரண்டாம் அறையில், திரையில் ஒருவர் படுக்கை விரிப்பை மடிப்பதும் உதறுவதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். மூன்றாம் அறையில் மசியால் வரைந்த ஒன்பது காகிதச் சித்திரங்கள், ஒவ்வொன்றும் கண்ணாடிச் சட்டத்துக்குள். ஒரு குளிர்ச்சட்டை, சாப்பாட்டுப் பாத்திரம், துடைக்கும் துணி ஆகியவற்றைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வரும்போது, தொழில் பழக்கத்தால், பார்வையாளர் ஏட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டாள். அன்றைய தேதியில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘அமர்ந்திருக்கும் மனிதர் அபாரம். மூச்சு விடுகிறாரோ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன்.’ அதில் ஒரு பிழையும் இல்லை. அவள் ஏட்டை மூடி வைத்துவிட்டு நானூறு அடி நடந்து அச்சகத்துக்கு வந்து, மாலைவரை ஒரு நிலவியல் புத்தகத்தைத் திருத்தினாள்.

இறந்ததிலிருந்து ஒன்பதாவது வேலைநாளில் அவர் மறுபடி வேலைக்கு வந்தார். அவருடைய இடத்தில் ஒரு புதிய காவலரை வைத்திருந்தார்கள், முன்பு மருத்துவமனையில் லிஃப்ட் இயக்கிய பெண்மணி. காலை ஒன்பதரைக்கு அவள் விளக்கைப் போட்டபோது முதல் படத்தின் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்தது. பிறகு வலமிருந்து இடமாக மூன்று வீச்சில் அது தானாகவே துடைபட்டது. அடுத்து இரண்டாம் படம். இப்படியே ஒன்பதாவது வரை, படத்துக்கு ஒன்றரை நிமிடம். கண்ணாடியை வாய்மூச்சால் துடைக்கக்கூடாது என்று கலைக்கூடத்தின் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. பதினொரு வருடமாக அவர் அதைத்தான் செய்துவந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இயற்பியல் துறையிலிருந்து ஒரு பேராசிரியர் கருவிகளோடு வந்து இரண்டு காலை உட்கார்ந்திருந்தார், மூன்று பக்கம் எழுதினார், அவற்றைக் கிழித்துப்போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். ஒரு வாரத்துக்குமேல் யாரும் பயப்படவில்லை. புதிய காவலர் தானே அச்சகத்துக்கு வந்து மனைவியிடம் சொன்னாள். “பயமெல்லாம் இல்லக்கா. எனக்கு ஒரு வேலை மிச்சம். ஆனா ஒண்ணு, அவரு கீழ மூலைய விட்டுடுறாரு.”

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மறுநாள் காலை ஒன்பதரைக்கு மனைவி மூன்றாம் அறையில் நின்றாள். ஒன்பது கண்ணாடிகளிலும் ஆவி வந்து போவதையும், ஒன்பது கீழ் இடது மூலைகளிலும் அழுக்கு அப்படியே நிற்பதையும் பார்த்தாள். வெளியூரில் இருக்கும் மகள் தொலைபேசியில், “அம்மா, நீ தனியா இருக்க, மனசு ஏதேதோ காட்டும். இங்க வந்துடு” என்றாள். “காலைல வேலை இருக்குடி” என்றாள் இவள். அதற்குப் பிறகு தினமும் அலுவலகம் போகும் முன் பதினைந்து நிமிடம் அங்கே நிற்பது வழக்கமாயிற்று. பதினொரு வருடம் எட்டிப் பார்க்காத அறையின் படங்களை ஒவ்வொன்றாக, அவர் துடைத்த கையோடு, பார்த்தாள். நான்காவது படத்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. எட்டாவது பிடித்திருந்தது, அவருக்கும் அதுதான் பிடித்திருக்கவேண்டும், அங்கே மூச்சு கொஞ்சம் நீளம்.

பட்டமளிப்பு மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில் நானூறு பக்க மெய்ப்பு ஒரே கட்டாக வந்து விழுந்தது. திங்கள் காலை அவள் கலைக்கூடத்தின் பக்கம் பார்த்து, நாளைக்கு வருகிறேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். செவ்வாயும் அதையே சொன்னாள், புதனும் சொன்னாள். அந்த மூன்று நாளில்தான் இயந்திரம் வந்தது. மூச்சு பட்டுப் பட்டு அறையின் ஈரம் கூடிவிட்டது, காகிதம் அலையலையாக வளைய ஆரம்பித்திருக்கிறது, ஓவியரின் குடும்பத்தினர் கடிதம் எழுதிவிட்டார்கள் என்று ஈரம் அளக்கும் நிபுணர் அறிக்கை கொடுத்திருந்தார். எல்லாக் காலத்திலும் குளிர்ச்சட்டை போட்டிருப்பதால் அந்த நிபுணரை எல்லாரும் ஸ்வெட்டர் சார் என்பார்கள். இயந்திரம் சிறிய குளிர்பெட்டி அளவில், சக்கரம் வைத்து, வெள்ளையாக இருந்தது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து அடியிலிருந்த வாளியில் சொட்டுச் சொட்டாக இறக்கியது. திங்கள் ஒன்றரை லிட்டர் சேர்ந்தது, மறுநாள் ஒன்பது படங்களில் ஏழில்தான் ஆவி படிந்தது. செவ்வாய் இன்னொரு வாளி, மறுநாள் ஐந்து. வியாழன் காலை புதிய காவலர் மூச்சிரைக்க அச்சகத்துக்கு ஓடிவந்தாள். “அக்கா, எங்க போனீங்க? இன்னிக்கு மூணுதான் வந்துச்சு.”

மனைவி சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். மூன்றாவது வாளி இன்னும் இயந்திரத்தின் அடியில் இருந்தது. முதல் இரண்டும் எங்கே என்று கேட்டாள். துப்புரவுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, “தெரியாமப் போச்சும்மா. வாஷ்பேசின்ல ஊத்திட்டேன்” என்றார். அவள் வாளியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்வெட்டர் சார் குனிந்து, மெதுவாக, “இதுல எல்லார் மூச்சும் கலந்திருக்கும்மா. பிரிச்சுப் பாக்க முடியாது” என்றார். “பிரிக்க வேணாம்” என்றாள் அவள்.

இயக்குநர் கெட்டவரல்ல. பல நாள் தூங்காதவர்போல இருந்தார். படத்தையும் காப்பாற்றவேண்டும், அவரையும் காப்பாற்றவேண்டும், அதற்கு ஒரே வழிதான் தோன்றுகிறது என்றார். ஒன்பது சித்திரங்களையும் கழற்றி அனுப்பிவிடலாம். வெறும் கண்ணாடிகளை மட்டும் மாட்டி, இதையே ஒரு காட்சியாக அறிவித்துவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிடலாம், நாடு முழுக்கப் பார்க்க வருவார்கள். மனைவியின் சம்மதம் மட்டும் வேண்டும். ஒரு படிவமும் அட்டையின் மெய்ப்பும் தயாராக இருந்தன. ‘மூச்சு. கண்ணாடி, ஈரம்.’ அதன் கீழே, கலைஞர் என்ற இடத்தில், அவருடைய பெயர். வாளியை மடியிலிருந்து இறக்காமலே அவள் அட்டையைப் படித்தாள். பெயரின் எழுத்துகளைக்கூட ஒருமுறை சரிபார்த்தாள். பிறகு சிவப்புப் பேனாவால் முழுவதையும் குறுக்கே அடித்தாள்.

“அவர் செத்து உக்காந்திருந்தப்பவும் பக்கத்துல ஒரு அட்டை இருந்துச்சு மேடம். நாப்பது நிமிஷம். அதையும் நான்தான் பாத்து, சரின்னு கையெழுத்துப் போட்டேன். இன்னொண்ணு போட மாட்டேன்.”

இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஸ்வெட்டர் சார் பக்கம் திரும்பி, இந்த அறையில் எவ்வளவு மூச்சு இருக்கலாம் என்று உங்கள் விதிப்புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார்: ஒரே நேரத்தில் ஒரு ஊழியர், பன்னிரண்டு பார்வையாளர். “அந்த ஒரு ஊழியர் யாரு?” என்று கேட்டாள். எல்லாரும் புதிய காவலரைப் பார்த்தார்கள். புதிய காவலர் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே நடைபாதையில் போய் நின்று, “இங்க ஒரு நாற்காலி போட்டா எனக்குப் போதும். இங்கேருந்தே நல்லாத் தெரியுது. லிஃப்ட்ல இருந்தவளுக்கு இதுவே மைதானம்” என்றாள். ஸ்வெட்டர் சார் தன் நோட்டில் கணக்குப் போட்டார். ஒருமுறை அடித்துத் திரும்பப் போட்டார். பிறகு இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார்.

பணிப்பட்டியல் அலுவலக அறையில் தொங்கியது. மூன்றாம் அறைக்கு எதிரே கணவருடைய பெயரை யாரோ சிவப்புக் கோட்டால் அடித்துவிட்டு மேலே புதிய பெயரை எழுதியிருந்தார்கள். அடித்த சொல்லை மறுபடி அப்படியே வைக்கவேண்டுமானால் அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவது மெய்ப்புத் திருத்துபவர்கள் வழக்கம். அவள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளி வைத்தாள். ஓரத்தில் எழுதினாள். “பணியாளர் பிரிவு கேட்டா நான் என்னன்னு சொல்றது?” என்றார் இயக்குநர். “அச்சுப்பிழைன்னு சொல்லுங்க. நம்புவாங்க” என்றாள். இரண்டு வருடம் கழித்து அந்த இயக்குநர் வேறு ஊருக்குப் போனார். அடுத்து வந்தவர் பட்டியலைப் புதிதாகத் தட்டெழுதச் சொன்னபோது, பெயர் அதன் இடத்தில் கோடும் புள்ளியும் இல்லாமல் சாதாரணமாக ஏறிக்கொண்டது.

மூன்றாவது வாளியைத் திறந்தபடியே நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள். தண்ணீர் வற்ற ஒன்பது நாள் ஆயிற்று. அது வற்ற வற்ற ஆவி திரும்பி, மூன்று நான்காகி, நான்கு ஐந்தாயிற்று. அதற்குமேல் ஏறவில்லை. கழுவுதொட்டியில் போனது போனதுதான். எட்டாவது படத்துக்கு அவர் பிறகு வரவே இல்லை. அந்தச் சித்திரங்கள் ஊர் திரும்பி, வேறு ஓவியங்கள் வந்து, அவையும் மாறிவிட்டன. முதல் ஐந்து சட்டங்களை இன்றும் அவர்தான் துடைக்கிறார். கடைசி நான்கையும் நடைபாதைக் காவலர் துடைக்கிறாள், நான்கு மூலையும் பளிச்சென்று. மகள் ஒரு விடுமுறையில் வந்தபோது ஒன்பதரைக்கு அம்மாவோடு போய் நின்றாள். ஐந்தாவது கண்ணாடி துடைபட்டு முடிந்ததும், “அப்பா இன்னும் மூணு வீச்சுதானா?” என்று மட்டும் கேட்டாள்.

மனைவி அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், ஆனாலும் காலையில் வருகிறாள். நாளைக்கு என்று அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள், தன்னை அறியாமல், கைக்குட்டையை எடுத்து முதல் படத்தின் கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டினாள். நடைபாதையிலிருந்து குரல் வந்தது: “தொடக்கூடாதுக்கா.” “தெரியும்டி” என்று சொல்லிக் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கீழ் இடது மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு, அழுக்கு அப்படியே இருக்கிறது.