கேட்டில் கட்டிய வேப்பிலை

என் வாய்க்கு இரண்டு பூட்டுப் போட்டாலும் போதாது என்பாள் என் மனைவி தேவிஸ்ரீ. அந்த வாயால்தான் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி திலகவதியை வாசல் கேட்டிலேயே விரட்டப் பார்த்தேன்.

எங்கள் மகள் அகல்யாவுக்கு நாலு வயது. மூன்று நாள் காய்ச்சல் அடித்து, முகத்தில் சிவப்புப் பொரி கிளம்பி உடம்பெல்லாம் இறங்கியது. அம்மா வந்துவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்டில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினேன். கறி மீனை நிறுத்தினோம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற வேலைக்கு லீவு போட்டேன். அம்மா இருக்கிற வீட்டில் மருந்து கூடாது, வெளியாள் நுழையக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அது.

மறுநாள் காலையில் பெம்பான் கிளினிக் வண்டி வாசலில் நின்றது. மிஸ்ஸி இறங்கி, வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார். எனக்குத் தலைக்கேறியது.

“யாரு போட்டுக் கொடுத்தது? பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாதானே?” என்று எங்கள் தாமான் குடியிருப்பே கேட்கக் கத்தினேன். குஞ்சம்மா அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

“கத்துங்கண்ணே, பரவால்ல. செருப்பக் கழட்டிட்டேன், காலும் கழுவிக்கிறேன். அம்மாவக் கும்பிட வந்தவள வெரட்டுவீங்களா?” என்றார் மிஸ்ஸி.

வழிவிட்டேன். மிஸ்ஸி பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கும்பிட்டார். பிறகு கைக்கடிகாரத்தையும் பிள்ளையின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நிமிஷத்துக்கு அம்பத்தெட்டு மூச்சு வாங்குது. நாப்பதே ஜாஸ்தி அண்ணே. இது தட்டம்மை, நெஞ்சுல எறங்கிருச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“அம்மா கோவிச்சுக்குவா மிஸ்ஸி” என்றேன்.

“புள்ள போயிட்டா நான் யாரக் கும்பிடறது?” என்றாள் தேவிஸ்ரீ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளே வண்டியில் ஏறிவிட்டாள்.

நான்கு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். ஐந்தாம் நாள் அகல்யா குடிக்க மைலோ கேட்டாள். நான் வராந்தாவுக்குப் போய் வாய்விட்டு அழுதேன். நியாலாசிலிருந்து வீடு மாறிய அவசரத்தில் அவளுடைய தடுப்பூசியைத் தவறவிட்டவன் நான்தான். அதற்குள் மிஸ்ஸியின் ஆட்கள் எங்கள் தாமானில் வீடு வீடாகப் போய், காய்ச்சலோடு இருந்த இன்னும் இரண்டு பிள்ளைகளை முற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள்.

வீடு திரும்பிய அன்று மிஸ்ஸியிடம் கேட்டேன். “இப்பவாச்சும் சொல்லுங்க, எங்க வீட்டப் பத்தி யாரு சொன்னது?”

“நீங்கதான்.”

“நானா?”

“கேட்டுல வேப்பிலை கட்டுனது யாரு? நானும் எஸ்டேட்டுல பொறந்தவதான் அண்ணே. வண்டியில போறப்ப பாத்தேன். யாரும் வந்து சொல்றதுக்கு முந்தி பாக்கறதுதான் எங்க வேலை.”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு, முதலில் பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். போய் மன்னிப்புக் கேட்டேன். குஞ்சம்மா அக்கா ஒரு மூச்சு திட்டிவிட்டுத் தேத்தண்ணி கலந்து கொடுத்தார்.

போன வாரம் ரெம்பியா பக்கம் லோரியில் போகும்போது ஒரு கேட்டில் பச்சை வேப்பிலையைப் பார்த்தேன். ஓரங்கட்டி நிறுத்தினேன். உள்ளே ஒரு குழந்தை இருமியது. மிஸ்ஸிக்குப் போன் அடித்தேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

“யாரு நீ? யாருக்குப் போன் அடிக்கிற?” என்று கத்தினார்.

நான் செருப்பைக் கழற்றினேன்.

“கத்துங்க தம்பி, பரவால்ல. கால் கழுவ கொஞ்சம் தண்ணி குடுங்க.”