கண்ணாடி போட்டிருக்கும் வரை

ஏலக்கூடத்தில் வாய்விட்டு விலை சொல்கிறவர்கள் புதியவர்கள். எண் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் கொஞ்சம் பழகியவர்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இரண்டையும் செய்யமாட்டார்கள். ஏலம் போடுகிற எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். கடிகார வியாபாரி பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தால் கேட்கிறார், மூடினால் விலகிவிட்டார். பீங்கான் வாங்கும் அம்மாளுக்குக் கைப்பை. மடியில் இருந்தால் கேட்கிறார், தரைக்குப் போனால் இல்லை. இத்தனையையும் நினைவு வைத்துக்கொள்வதற்கே எனக்குத் தனிச் சம்பளம் தர வேண்டும். யாரும் தருவதாகத் தெரியவில்லை.

என் சித்தப்பா வெள்ளி வியாபாரி. அவருடைய அடையாளம் மூக்குக்கண்ணாடி. எந்தப் பொருள் வேண்டும் என்று காலையிலேயே என் காதில் போட்டுவிடுவார். அந்தப் பொருள் மேடைக்கு வந்ததும், முகத்தில் கண்ணாடி இருக்கும் வரை அவர் கேட்கிறார் என்று அர்த்தம். கழற்றினால் விட்டுவிட்டார். இப்படி ஒளித்து விளையாடக் காரணம் உண்டு. வெள்ளியில் அவர் கண் வைத்தால் அது நல்ல சரக்கு என்று ஊரே நம்பும். அவர் கை உயர்ந்துவிட்டால் போதும், கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். அதனால் கடைசி வரிசையில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். கேட்கிறார் என்பது பக்கத்து நாற்காலிக்குக்கூடத் தெரியாது.

நான் அவருடைய அண்ணன் மகள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு நான் விட்டுக்கொடுக்கிறேனா என்று பார்க்கச் சிலர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவருக்காக ஒரு மூச்சு கூடுதலாகக் காத்திருந்தாலும் பேச்சு கிளம்பும். அதனால் கூடத்துக்குள் அவர் எனக்குச் சித்தப்பா இல்லை. வெறும் எண்தான்.

ஓர் ஏலத்துக்குச் சில வாரம் முன்பு, ஒரு பெரிய வீட்டைக் காலி செய்த சாமான்கள் எங்களிடம் வந்தன. தேநீர்க் குடுவைகள், மெழுகுவர்த்தித் தாங்கிகள், ஏழெட்டுப் பெட்டி நிறையப் புத்தகம். அதில் ஒன்று பறவைகளைப் பற்றியது. கையால் வண்ணம் தீட்டிய படங்கள், தோல் அட்டை, அட்டையின் நான்கு மூலையிலும் வெள்ளித் தகடு. மூன்று மூலைகளில் கொடி வேலைப்பாடு. நான்காவது மட்டும் வேறு வெள்ளி. உற்றுப் பார்த்தால் அது ஒரு சின்னக் கரண்டியைத் தட்டி மடித்துச் செய்தது என்று தெரியும். "ஒரு மூலை பிற்காலத்து மாற்று" என்று பட்டியலுக்கு எழுதும்போதே அது எந்தப் புத்தகம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கரண்டியின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அது என் சித்தியின் கரண்டி. அவளுக்குச் சோறு ஊட்டியது. புத்தகம் அவளுடைய அப்பாவுடையது. நடை பழகும் வயதில் அவள் அதைக் கீழே போட்டு ஒரு மூலையைப் பெயர்த்துவிட்டாள். அப்பா அவளை அடிக்கவில்லை. அவள் கரண்டியையே எடுத்துத் தட்டி அந்த மூலையில் பொருத்திவிட்டார். "உடைச்சதும் நீ, ஒட்டினதும் நீ" என்பாராம். கல்யாணத்தின்போது சித்தி பிறந்த வீட்டிலிருந்து ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கி வந்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான்.

கல்யாணமான சில வருஷத்தில் சித்தப்பாவின் கடை நொடித்துப்போகிற நிலைக்கு வந்தது. சித்தி வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில் அவர் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய் விற்றுவிட்டார். விற்றதைக்கூட மன்னித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். விற்ற விதம்தான் பொல்லாதது. வெள்ளி வியாபாரி புத்தி, தராசில் வைத்து, மூலைகளுக்கு இவ்வளவு எடை, காகிதத்துக்கு ஒன்றுமில்லை என்று பேசி முடித்திருக்கிறார். திரும்பி வந்த சித்தி, அலமாரியில் காலி இடத்தைப் பார்த்தாள். "எங்கப்பாவைத் தராசுல வச்சு வித்துட்டீங்க" என்றாள். அதோடு சரி. அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்று நினைக்க வேண்டாம். குடும்பம் நடந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள், சிரித்தாள், பேசினாள், அவருக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் விழித்திருந்தாள். ஒரே ஒரு காரியத்தை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அதற்கு முன்பெல்லாம் சித்தப்பா கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தலையைக் குனிவார். சித்தி அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் வாயால் ஊதி, உடுத்திய துணியின் நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிவிடுவாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். புத்தகம் போன பிறகு அவள் அந்தக் கண்ணாடியைத் தொடவில்லை. அவராவது துடைத்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. தண்ணீரில் அலசுவார், அவ்வளவுதான். வெள்ளித் தட்டை நம் பல் தெரிகிற அளவுக்குத் துடைக்கிற மனிதர், விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்குமான கண்ணாடியோடு ஊரைச் சுற்றினார். வேலைக்குப் பூதக்கண்ணாடி இருக்கிறது, சமாளித்துக்கொண்டார். அவர் கடையில் மங்கலான சாமான் ஒன்றே ஒன்றுதான், அதையும் மூக்கில் மாட்டியிருக்கிறார் என்று கடைத்தெருவில் கிண்டல் செய்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இரண்டு பேர் மேலும் கோபம்தான் வரும். வீம்புக்கு வீம்பு.

பொருள்களைப் பார்வைக்கு வைத்த நாளில் சித்தப்பா வந்தார். அந்தப் புத்தகத்தின் நான்காவது மூலையை விரலால் தடவினார். அப்படியே போய்விட்டார். ஏலத்துக்கு முந்தின நாள் என் அறைக்கு வந்தார்.

"அந்தப் பறவைப் புத்தகம் எனக்கு வேணும்."

"தெரியும் சித்தப்பா. எதுவரைக்கும் போவீங்க?"

"வரைக்கும்னு ஒண்ணும் இல்ல. கண்ணாடியைக் கழட்டவே மாட்டேன்."

கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "உங்க சித்தியை நீ கூட்டிட்டு வந்துடு. நான் கூப்பிட்டா ஏன் எதுக்குன்னு கேப்பா. எடுத்த கையோட அவ மடியில வைக்கணும்."

எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. கூடம் பார்த்து ரொம்ப நாளாச்சே, சும்மா வாங்க என்று சொல்லிச் சித்தியை அழைத்து வந்தேன். சித்தப்பா பக்கத்து நாற்காலியில் துண்டுச்சீட்டு ஒட்டி அவளுக்கு இடம் பிடித்து வைத்தவளும் நான்தான். அடையாள விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது, தொழில் ரகசியம். பெற்ற தாய்க்குக்கூட நான் சொன்னதில்லை.

வெள்ளிச் சாமான்கள் முதலில் போயின. அப்புறம் புத்தகங்கள். உதவியாளர் பறவைப் புத்தகத்தைத் தூக்கி நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். சித்தி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். அது தன் அப்பாவின் புத்தகம் என்று தெரிந்துவிட்டது. திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. அசைய முடியாது, அசைந்தால் விலை ஏறிவிடும். ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும்? தன் அப்பாவின் புத்தகம் இரண்டாம் முறை விற்பனைக்கு வந்திருக்கிறது, புருஷன் இரண்டாம் முறையும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எழுந்து போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஏலம் விறுவிறுவென்று ஏறியது. தொலைபேசியில் கேட்ட ஒருவர் சீக்கிரமே கழன்றுகொண்டார். மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர், வெளியூர் நூலகம் ஒன்றுக்காக வந்திருந்த பழைய புத்தக வியாபாரி. இன்னொருவர், கண்ணாடி. புத்தகக்காரர் அட்டையைத் தூக்குவார். நான் கடைசி வரிசையைப் பார்ப்பேன். கண்ணாடி இருக்கும். விலையைக் கூட்டுவேன். தன்னோடு மோதுவது யாரென்று புத்தகக்காரர் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு தேடினார். ஒருவரும் தென்படவில்லை. நாங்கள் சொல்லியிருந்த மதிப்பைத் தாண்டி, அதன் இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. புத்தகக்காரர் தொலைபேசியை வாயருகே பொத்திப் பிடித்து நூலகத்தோடு ஏதோ பேசினார். பேசி முடித்து, ஒரு பெருமூச்சு விட்டு, இன்னொரு முறை அட்டையைத் தூக்கினார்.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். சித்தப்பாவின் முகத்தில் கண்ணாடி இல்லை.

அது சித்தியின் கையில் இருந்தது. இரண்டு பக்கமும் ஊதிவிட்டுத் துணி நுனியால் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடையாளம் அடையாளம்தான். கண்ணாடி போனால் அவர் விலகினார், அது அவரே வைத்த விதி. யார் கழற்றியது என்று நான் மேடையிலிருந்து விசாரணை நடத்த முடியாது. ஆனால் அவருக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகக் கேட்கும். அவர் கையில் எண் அட்டை இருக்கிறது. அதைத் தூக்கினால் போதும், முறைப்படி நான் ஏற்றுக்கொள்வேன்.

"ஒரு தரம்" என்றேன், வழக்கத்தைவிடச் சத்தமாக.

அவர் காதில் விழுந்தது. வலது கை முழங்காலிலிருந்து எழும்பியது.

"ரெண்டு தரம்."

எழும்பிய கை அந்தரத்தில் நின்றது. அட்டையைத் தூக்கினால் சித்தி திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொள்வாள். கண்ணாடியைப் பிடுங்கினாலும் அப்படித்தான். அவர் என்ன கணக்குப் போட்டாரோ, கை மெல்ல முழங்காலுக்கே திரும்பியது. பிறகு வாசலில் நிற்கிற பழைய நாள் மாதிரி அவள் பக்கம் தலையைக் குனிந்தார்.

"மூணு தரம்."

சுத்தியலைத் தட்டினேன். அதை அன்றைக்கு வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை. சித்தி கண்ணாடியை அவர் காதுகளில் மாட்டிவிட்டாள்.

ஏலம் முடிந்து நான் இறங்கி வந்தபோது, புத்தகக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வழிமறித்தார். "அதோட எனக்கு எல்லை முடிஞ்சுதும்மா. எதிராளி இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தா நான் அவுட்டு. யாரது?" என்றார். சொல்ல மாட்டேன் என்று தெரிந்தும் கேட்டார். எனக்கு வந்த எரிச்சலில் அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். அவர் என்ன பாவம் செய்தார்? புத்தகம் அன்று மாலையே அவரோடு ஊருக்குப் போனது. நூலகத்துக்குள் போனது இனி வெளியே வராது.

சித்தி நடைவழியில் எனக்காகக் காத்திருந்தாள்.

"அப்பா புத்தகம். பாத்தியா?"

"பாத்தேன் சித்தி."

"அவர் கேக்கவே இல்ல. பரவாயில்ல, அவ்ளோ விலைக்கு யாரு போவா." கூடத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா அதைப் பாத்த பார்வை இருக்கே. கண்ணை எடுக்காம பாக்கிறார். அந்தப் பிசுக்குக் கண்ணாடியில என்ன தெரியும்? சரி, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பாக்கட்டும்னு துடைச்சுக் குடுத்தேன். எனக்கே மனசு கேக்கல."

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் அந்தக் கண்ணாடியைத் தொடாமல் இருந்திருந்தால் புத்தகம் இப்போது உங்கள் மடியில் இருக்கும் என்று. அவர் இன்று கடையையே பணயம் வைத்துக் கேட்டார் என்று. சித்தப்பா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சித்தி கை கழுவப் போன நேரத்தில் பக்கத்தில் வந்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதற்குப் பின்னால் கண்கள் சிவந்திருந்தன.

"அவகிட்ட சொல்லிடாதே."

"நீங்க கேக்கவே இல்லன்னு நினைச்சிட்டிருக்காங்க சித்தப்பா. உங்களுக்கு வலிக்கலையா?"

"வலிக்காம? நினைச்சுட்டுப் போறா. நீ சொன்னேன்னு வை, தன்னாலதான் போச்சுன்னு இனிமே என் கண்ணாடியைத் தொடவே மாட்டா."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது சுலபமான காரியம் இல்லை. இன்றுவரை மூடியேதான் வைத்திருக்கிறேன்.

அடுத்த ஏலத்தன்று காலை சித்தப்பா என் அறைக்கு வந்தார். வெள்ளிக் கிண்ணம் ஒரு ஜோடி வேண்டும் என்றார். சொல்லிவிட்டும் போகவில்லை.

"அடையாளத்தை மாத்திக்கலாமா? குடைன்னு வச்சுக்கோ. கையில இருக்கிற வரைக்கும் கேக்கிறேன். கீழ வச்சா விட்டுட்டேன்."

"ஏன், கண்ணாடிக்கு என்ன?"

"அவளும் வர்றேன்னு கிளம்பிட்டா. இனிமே எல்லா ஏலத்துக்கும் வருவாளாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சும்மா சும்மா கழட்டிடறா."

அன்று கிண்ணங்கள் சித்தப்பாவுக்கே கிடைத்தன. குடை கடைசி வரை கையில் இருந்தது. கண்ணாடி பாதி நேரம் சித்தியின் மடியில்தான் இருந்தது.