அஸிக்பாவுக்கு ஒரு துணை

1

குற்ற உணர்ச்சிதான் இந்தக் கதையை எழுத வைக்கிறது. என்ன குற்றம் என்று இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் என் பக்கம் நிற்க மாட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன். முதலாவது: "ஏப்ரல் பிறந்தால் எங்கள் ஊர் ஷிம்கெந்தைச் சுற்றியுள்ள புல்வெளி முழுக்கச் சிவப்பு டூலிப்கள் பூத்து" — வேண்டாம், ஊர் பார்க்க வந்தவன் எழுதியது போலிருக்கிறது. இரண்டாவது: "தனிமை என்பது" — இதை எழுதி முடித்திருந்தால் கீழ்வீட்டு சவுரேஷ் அக்கா என்னை அப்புறம் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். மூன்றாவது இதோ, கீழே இருக்கிறது.

2

சவுரேஷுக்கு வயது ஐம்பத்தாறு. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் வீடு தரைத்தளத்தில், என் வீடு நான்காவது மாடியில். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அவருடைய கணவர் வெளியூர் வேலையிலிருந்து திரும்பும்போது சட்டைப் பைக்குள் ஓர் ஆமைக்குஞ்சைப் போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த வருடமே அந்த மனிதர் அக்தாவ் நகருக்குப் போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். ஆமை தங்கிவிட்டது. ஏழு வயது மகள் இங்கார் அதற்கு அஸிக்பா என்று பெயர் வைத்தாள். எங்கள் பேச்சில் 'அவசரப்படாதே' என்று அர்த்தம். வீட்டில் அவள் தினமும் அதிகமாகக் கேட்ட சொல் அதுதானாம்.

இங்கார் வளர்ந்து அல்மாத்திக்கு வேலைக்குப் போனாள். சவுரேஷ் காலையில் கட்டடத்துக்குப் பின்னால் டான்டெலியன் இலை பறித்துவந்து போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவார். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், அது இலை போட்ட இடத்திலிருந்து நாலடி தள்ளி வெயில் விழுந்த கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

(ஒரு குறையும் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இது என் ஊகம். ஊகத்தால் வந்த வினைதான் மீதிக் கதை.)

3

ஒருநாள் இங்கார் தொலைபேசியில், "பாவம்மா அது, ஒண்டியா இருக்கு. இன்னொண்ணு பிடிச்சு விடேன்" என்றாள். சவுரேஷ் அதையே நினைத்துக் கவலைப்பட ஆரம்பித்தார். மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒராஸ்காலியிடம் சொல்லிவைத்தார். அவர் அடுத்த வாரமே ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அரிஸ் ஊருக்குப் போகும் வழியில் புதுச் சாலை போடும் இடத்தில், மண் அள்ளும் இயந்திரத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்ததாம்.

அதுவும் ஆண்தான். அஸிக்பாவைவிட ஒரு விரற்கடை பெரிது. அதற்குப் பெயர் வைக்கவில்லை, 'புதுசு' என்றே அழைத்தார்கள்.

முதல் பத்து நாள் சவுரேஷ் பூரித்துப் போனார். இரண்டும் ஒரே தட்டில் மேய்ந்தன. அலமாரிக்குப் பின்னால் இருந்த மூலையில் புதுசு அஸிக்பாவின் முதுகின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். அதைப் படமெடுத்து மருத்துவமனையில் எல்லோருக்கும் காட்டினார். "கட்டிப்பிடிச்சுத் தூங்குது பாருங்க" என்று நர்சுகளிடம் சொன்னார்.

பதினொன்றாம் நாள் அஸிக்பா இலைக்கு வரவில்லை. பன்னிரண்டாம் நாளும் வரவில்லை. ஓட்டோடு ஓடு மோதும் சத்தம் சமையலறை வரை கேட்டது. சவுரேஷ் அதை விளையாட்டு என்று நினைத்தார். அப்புறம் அப்படி நினைக்க முயன்றார். பதினைந்தாம் நாள் அஸிக்பாவைத் தூக்கிப் பார்த்தபோது பின்னங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது.

4

இங்கே நிறுத்துகிறேன். மூன்றாம் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது.

இங்கார் அப்படிச் சொல்லவே இல்லை. அவள் சொன்னது, "விடும்மா, அது நல்லாத்தானே இருக்கு." அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறேன். துணை வேண்டும் என்று சொன்னவன் நான்.

மார்ச் கடைசியில் ஒரு காலை, சவுரேஷ் அக்கா வாசல் படிக்கட்டில் எதிரே வந்தார். கையில் இலைப்பை. நான் சும்மா போயிருக்கலாம்.

"அக்கா, நீங்க வேலைக்குப் போயிட்டா அது யார்கூட இருக்கும்?"

"ஆமை யார்கூட இருக்கணும் தம்பி?"

"இல்ல, தன் இனத்துல ஒண்ணைக்கூடப் பாக்காமலே செத்துப்போகுமே. அதச் சொன்னேன்."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் மாடியேறி வந்து அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், நன்றாக வந்திருக்கிறது என்று. கீழே அவர் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. எனக்கு ஆமையைப் பற்றி எதுவுமே தெரியாது. ஒரு வரி அழகாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

5

சவுரேஷ் அஸிக்பாவைத் துணிப்பையில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். மதிய இடைவேளையில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மேசைமேல் வைத்து ஒரு படம் எடுத்தார். முப்பது வருடமாக மனிதர்களிடம் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவர் அன்று தானே பிடித்துக்கொண்டாராம். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் வயிற்றில் உணவின் நிழலே இல்லை. அந்தப் படத்தை மடிக்காமல் எடுத்துக்கொண்டு கால்நடை வைத்தியர் சாபித்திடம் போனார். நானும் கூடப் போனேன். வரச் சொல்லி அவர் கேட்கவில்லை.

சாபித் மாடும் குதிரையும் பார்ப்பவர். கைப்பேசியில் இருந்த 'கட்டிப்பிடிச்சுத் தூங்கும்' படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது பாசம் இல்லீங்க. இந்த இடம் என்னுதுன்னு ஏறி உக்காந்திருக்கு. புல்வெளியில ஒண்ணை ஒண்ணு பாத்தா முட்டிக்கும், தோத்தது ஒதுங்கிப் போயிடும். உங்க வீட்டுல எங்க ஒதுங்கும்? அலமாரிக்குப் பின்னாலதான்."

"ஒரே தட்டுல சாப்பிட்டுச்சே?"

"நீங்க ஒரு தட்டுதானே வெச்சீங்க."

சவுரேஷ் தலை குனிந்து கைப்பையின் வாரைத் திருகினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "பத்தொன்பது வருஷம் தனியா கிடந்துச்சே டாக்டர். அப்ப எல்லாம் அதுக்குக் கஷ்டமா இருந்திருக்குமா?"

"இவங்க கூட்டாளி தேடற ஜாதி இல்லக்கா. பொட்டையைத் தேடி வசந்தத்துல ரெண்டு வாரம் அலையும். மத்தபடி தனியா விட்டாலே போதும்."

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீ சொன்னது எனக்கு நியாயமாப் பட்டுச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

6

அன்றே குளியலறை ஒன்றுக்கு, கூடம் ஒன்றுக்கு என்று பிரித்தார். அதிலும் நிம்மதி இல்லை. வீட்டு ஆமையின் நோய் ஏதாவது புதுசுக்கு ஒட்டியிருந்தால், அதை வெளியே விட்டால் மற்றவற்றுக்கும் பரவுமே என்று பயந்தார். சாபித் சோதித்துப் பார்த்து, பயமில்லை, கோடை வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய் விடுங்கள் என்றார். மே மாதம் இரண்டாம் ஞாயிறு ஒராஸ்காலியின் காரில் மூவரும் அரிஸ் சாலைக்குப் போனோம். இயந்திரங்கள் நின்ற பக்கத்தை விட்டுவிட்டு, வெகுதூரம் உள்ளே நடந்து, ஒரு மேட்டுக்குப் பின்னால் புதுசு இருந்த பெட்டியைச் சவுரேஷ் சாய்த்தார்.

புதுசு கொஞ்ச நேரம் தலையை உள்ளேயே வைத்திருந்தது. பிறகு கழுத்தை நீட்டியது. ஒரு புல்லைக் கடித்தது. நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆமை ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சவுரேஷ் எதிர்பார்த்தார். அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

7

இதுவரை எழுதியதை அவரிடம் கொடுத்தேன். அந்தப் பிரதியில் ஒராஸ்காலி மனைவியை இழந்தவர், மேட்டிலிருந்து திரும்பும் வழியில் சவுரேஷிடம், "நாமளும் எத்தன நாளைக்கு ஒண்டியா" — [இந்த வாக்கியத்தை அக்கா அடித்துவிட்டார். எக்ஸ்ரே படத்தில் இடது வலது குறிக்கும் மையால்.]

"அவனுக்குப் பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கா. அவ படிச்சா உன்னைத்தான் முட்டுவா. தனியா இருக்கறத ஒரு வியாதி மாதிரி எழுதற நீ. படம் எடுத்தா தெரியுமா அது?"

வேறு முடிவுகளும் வைத்திருந்தேன். அஸிக்பா இறந்துபோகிறது: இதை அவரிடம் காட்டவே இல்லை. இங்கார் வேலையை விட்டு வந்து தாயோடு இருக்கிறாள்: இதைக் கேட்டு இங்காரே தொலைபேசியில் சிரித்தாள். அஸிக்பாவையும் புல்வெளியில் விட்டுவிடுகிறார்: "தட்டுல இலை சாப்பிட்டே வளந்தது, ஒரு வாரம் தாங்காது" என்று சாபித் சொல்லிவிட்டார்.

8

நடந்தது இதுதான். புதுசு போன ஐந்தாம் நாள் அஸிக்பா ஓர் இலையைத் தின்றது. ஆறாம் நாள் நாலு இலை. கால் காயம் ஆறியது. சவுரேஷ் எனக்குப் பவுர்சாக் மாவுருண்டை பொரித்துக் கொடுத்தனுப்பினார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

எட்டாம் நாள் காலை அவரே மாடியேறி வந்து கதவைத் தட்டினார். "வந்து பாரு" என்றார்.

போனேன். தரையில் உட்கார்ந்து பார்த்தோம். பால் ஊற்றிய தேநீர் இருவர் கையிலும் ஆறியது. அஸிக்பா சுவரை ஒட்டி நடந்து வந்தது. அலமாரிக்குப் பின்னால், புதுசு ஏறிப் படுத்த அந்த மூலையில் நின்றது. கழுத்தை முழுக்க நீட்டி மோந்தது. வெகுநேரம் அசையவில்லை. பிறகு அடுத்த மூலைக்குப் போய் அங்கேயும் அதையே செய்தது. கூடத்தைச் சுற்றிவிட்டு மறுபடி அலமாரிக்கு வந்தது. மூன்று நாளாக இப்படித்தான் என்றார். சாபித்திடம் கேட்டாராம். வசந்தம் இன்னும் முடியவில்லை, அதனால் இருக்கலாம் என்றாராம். இருக்கலாம் என்ற சொல்தான் அக்காவைப் பிடித்துக்கொண்டது.

"தேடுதா தம்பி? இல்ல, போயிட்டானான்னு பாத்துக்குதா?"

"தெரியலக்கா."

உண்மையில் தெரியவில்லை. இரண்டில் எது என்று எழுதினால் இந்தக் கதை நன்றாக முடியும் என்பது மட்டும் தெரியும். தேடுகிறது என்று எழுதினால் நீங்கள் கண் கலங்குவீர்கள். போய்விட்டதா என்று பார்க்கிறது என்று எழுதினால் சிரித்துவிட்டு மூடி வைப்பீர்கள். இரண்டையும் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன்.

இதை அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதும் இந்த நேரத்தில் அது மறுபடி அந்த மூலையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்த்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்குத் தோன்றுவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். அவர் காதில் விழுந்தால் நம்பிவிடுவார். நம்பினால், ஏதாவது செய்துவிடுவார்.