இரவல் அதிகாரி

மனித உரிமை ஆணையத்தின் பதிவுப் பிரிவில் பன்னிரண்டு வருடமாகப் புகார் மனுக்களுக்கு எண் போட்டுவந்த எழுத்தருக்கு, அந்தப் புதன்கிழமை காலை வேலையே ஓடவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த புது விசாரணை அதிகாரிதான் காரணம்.

ஆணையத்துக்கென்று சொந்தமாக விசாரணையாட்கள் கிடையாது. காவல்துறையிடம்தான் இரவல் வாங்க வேண்டும். வருகிறவர்கள் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். பதவி உயர்வும் அங்கேதான். இவர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"லாரி டிரைவர் லாக்கப்ல செத்தாரே, அந்தக் கேஸ். சாட்சி ஒரு தையல்காரராமே? அவர் விலாசம் இருக்கிற கவரைக் குடுங்கம்மா."

தையல்காரர் அதே லாக்கப்பில் அடைபட்டிருந்தவர், அடித்ததைக் கண்ணால் பார்த்தவர். போன மாதம் வந்து விலாசத்தை எழுதிக் கொடுத்தபோது, "நான் எங்க இருக்கேன்னு அவங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம்மா" என்றார். "தெரியாதுங்க, நான் பொறுப்பு" என்று சொல்லி, இவள்தான் உறையை ஒட்டி அரக்கு வைத்தாள். லாரி டிரைவர் செத்த அதே காவல் நிலையத்தில் மூன்று வருடம் இருந்தவர் இந்த அதிகாரி. அவர் பணியில் சேர்ந்த கடிதத்துக்கு எண் போட்டபோது அதில் இவளே படித்திருந்தாள்.

"அது... உறுப்பினர் அம்மாகிட்ட இருக்குங்க சார்" என்று வாய்க்கு வந்ததை உளறினாள். உறை அவள் முழங்காலுக்கு நேரே, கீழ் இழுப்பறையில் இருந்தது.

"அப்படியா?" அவர் சிரித்தார். "உங்க பாப்பா ரெண்டாம் வகுப்புதானே? வேன்லதான் போறா போல." எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "டீ குடிச்சிட்டு மேடத்தைப் பார்க்குறேன்."

அவர் தலை மறைந்ததும் கணவனுக்குப் போன் போட்டாள். "பாப்பாவை நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. இப்பவே."

"என்னாச்சு? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வந்து சொல்றேங்க. கிளம்புங்க."

உறையைப் பதிவேட்டுக்குள் செருகிக்கொண்டு, லிப்டில் அவர் நின்றால் என்ன செய்வது என்று பயந்து, மாடிப்படியில் மூன்று தளம் ஓடினாள்.

உறுப்பினர் ஓய்வுபெற்ற நீதிபதி. பதவிக்காலம் முடிய நாலு மாதம் இருந்தது. நீட்டிப்பது அமைச்சகத்தின் கையில். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொய்யைச் சொல்லிட்டு, அதை நிஜமாக்கச் சொல்லி என்கிட்ட வந்திருக்கே" என்றார்.

"ஆமாங்கம்மா. மன்னிச்சிடுங்க."

"நேத்து அமைச்சகத்துலேருந்து எனக்கும் போன் வந்துது. இந்த ஃபைலுக்கு என்ன அவசரம்னு கேட்டாங்க." அதைக் கேட்டதும் எழுத்தருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போய்விட்டது.

ஆனால் அம்மா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். 'சாட்சி உறை பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடுவதற்குள் கதவு தட்டப்பட்டது.

அதிகாரி உள்ளே வந்து உறையைக் கேட்டார்.

"வாக்குமூலத்தை நானே வாங்கிக்கிறேன்" என்றார் அம்மா.

"விசாரணை என் வேலைங்க மேடம்."

"அப்ப விலாசம் எதுக்குன்னு எழுதிக் குடுங்க. முன்னாடி எந்த ஸ்டேஷன்ல இருந்தீங்கன்னும் சேர்த்து எழுதுங்க."

அவர் விரிந்து கிடந்த பதிவேட்டில் கையெழுத்தின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார். மை இன்னும் காயவில்லை, விரலோடு இழுபட்டது. நீலம் படிந்த விரலைப் பார்த்தார். பிறகு எழுத்தரைப் பார்த்தார். அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை தையல்காரர் வந்தார். அம்மாவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் பேசினார். அறிக்கையில் இரண்டு காவலர்களின் பெயர் வந்தது, வழக்கு நடக்கிறது.

அம்மாவுக்குப் பதவி நீட்டிப்பு கிடைக்கவில்லை. அதிகாரி காவல்துறைக்கே திரும்பிப் போனார். அவருக்குப் பதிலாக வந்தவரும் அங்கிருந்தேதான் வந்தார். எழுத்தரைக் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். மகள் இப்போது வேறு ஊரில், அத்தை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள்.

தையல்காரர் மறுபடியும் வீடு மாறிவிட்டாராம். எங்கே என்று எழுத்தர் யாரிடமும் விசாரிக்கவில்லை.